மூணாவது வரிசை

உக்காருங்க தம்பி. கட்டில்லயே உக்காருங்க. ஆடும், ஆனா விழாது. காத்தாடிக்கு நேரா இருந்தீங்கன்னா அந்தப் பேப்பரு பறந்துரும். இந்தாங்க, நூலு சுத்தற இந்த பாபினை மேல வெச்சுக்குங்க. மில்லுல இருந்து நான் கொண்டாந்தது இது ஒண்ணுதான். திருடலீங்க, கடைசி நாளு மேஸ்திரியே எடுத்துக் குடுத்தாரு. ஏனுங்க, நடுவுல வைக்காம கீழ் ஓரத்துல கொண்டுபோயி வெக்கறீங்க? சரி, இருக்கட்டும்.

போன சூப்பர்வைசரு வாசல்லயே நின்னுக்கிட்டு, "தெய்வாத்தா, வெளிய வா"ம்பாரு. என்ற மகன் வயசுதான் இருக்கும். நீங்க செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வந்தீங்க, "அம்மா"ன்னு கூப்பிட்டீங்க. அதுக்கு ஒரு டம்ளர் மோரு உண்டு. கையெழுத்து கெடையாது.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

இங்கிலீசுல என்ன எழுதியிருக்குதுன்னு வாசல்லயே சொல்லிட்டீங்க. 'தெய்வாத்தாளாகிய என்னோட கவனக்குறைவால கிளீன் ரூமுக்குள்ள தூசி போச்சு, அதனால சிப்பு கெட்டுது, மன்னிச்சுக்குங்க.' இதுக்குக் கீழ நான் பேரைப் போட்டா, ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கற வேலை. போடலேன்னா வீட்டுல உக்காந்துக்க வேண்டியது. அவ்வளவுதானுங்களே? நல்லா வெளங்கிருச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க ஏஜென்சிக்குப் புதுசு. உள்ள என்ன நடந்துச்சுன்னே தெரியாம நீங்க வாங்கற கையெழுத்து எதுக்காகும்?

நான் அந்தக் காலேஜு ஆராய்ச்சிக் கூடத்துல ஒம்பது வருசம். கூட்டற வேலையின்னு உங்க புஸ்தகத்துல எழுதியிருப்பாங்க. கூட்டறதே இல்லீங்க அங்க. வெளக்கமாறே ஆகாது. உடுப்பு மாத்தற ரூமுல நிக்கறதுதான் என்ற வேலை. உள்ள போற ஒவ்வொருத்தரையும் தலையில இருந்து கால் வரைக்கும் பாக்கோணும். பூ வெச்சிருந்தா எடு. பவுடர் போட்டிருந்தா கழுவு. அப்பறம் தலைக்கு வலை, வாய்க்குத் துணி, கைக்கு உறை, ஒடம்பு பூராவும் வெள்ளை உடுப்பு. கண்ணு ரெண்டு மட்டுந்தான் தெரியும். அப்பறம் ரிஜிஸ்டர்ல கையெழுத்து. அப்பறம் ஒரு சின்னப் பெட்டி மாதிரி ரூமுல நின்னா நாலு பக்கமும் காத்தடிக்கும். அதுக்கப்பறந்தான் உள்ள.

எனக்கு இங்கிலீசு வராதுங்க. அஞ்சாங்கிளாசோட பஞ்சு மில்லுக்குப் போயிட்டேன். ஆனா ஒம்பது வருசமா அந்த ரிஜிஸ்டரைப் பாத்துப் பாத்து, கையெழுத்தை வெச்சே ஆளைச் சொல்லிருவேன். இன்னாரு கோவத்துல போட்டது, இன்னாரு சாப்புடாம வந்து போட்டதுன்னு கூடச் சொல்லுவேன்.

எதுக்கு இத்தனை கட்டுப்பாடுன்னு கேப்பீங்க. உள்ள செய்யறது அப்பேர்ப்பட்ட பொருளு. டிரான்சிஸ்டர். ரேடியோவுல இருக்குமே, அந்த மாதிரி இல்ல. உங்க தலைமுடி ஒண்ணை எடுத்து நெடுக்க அம்பதாயிரமா வகுந்தா, அதுல ஒண்ணு என்ன கனம் இருக்கும்? அந்த கனத்துல கார்பன்ல ஒரு இழை. அந்த இழையை வெச்சு செய்யற டிரான்சிஸ்டர். அது மேல ஒரு துளி திருநீறு விழுந்துச்சுன்னா, மருதமலையே எறங்கி வந்து உக்காந்த மாதிரி.

திருநீறுன்னதும் ஞாபகம் வருது. பெரிய சாரு இருக்கறாரே, டாக்டர் ஞானவேலு, இதுல மேல கையெழுத்துப் போட்டிருக்கறவரு. போன தைப்பூசத்தன்னைக்கு மலைக்குப் போயிட்டு, நெத்தி பூரா பட்டை போட்டுக்கிட்டு, ஜப்பான்காரங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. நான் குறுக்க நின்னுட்டேன்.

"ஐயா, நெத்தியைக் கழுவிட்டு வாங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. தெரிஞ்சதனாலதான் 'ஐயா'ன்னேன்."

ஜப்பான்காரங்களுக்கு என்ன வெளங்குச்சோ, நாலு பேரும் எனக்குக் குனிஞ்சு கும்பிடு போட்டாங்க. அவரு போயிக் கழுவிட்டு வந்தாரு. ஆனா அன்னைக்குக் கழுவுனது நெத்தியை மட்டுந்தானுங்க. மனசுல பூசுனது அப்படியே இருந்துச்சு.

சரி, அதை விடுங்க. அம்மிணி கதைக்கு வர்றேன்.

பெனிட்டான்னு ஒரு புள்ள, நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். நாகர்கோயில் பக்கம். ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறா. எல்லாரும் உடுப்பை மாட்டிக்கிட்டு என்னையத் தாண்டிப் போவாங்க. இவ மட்டும் "தெய்வாக்கா, சாப்ட்டீங்களா?"ன்னு கேப்பா. வாய்த்துணிக்குள்ள இருந்து கேக்கறப்போ 'சாப்ட்டீங்களா' பாதிதான் வரும், ஆனா கண்ணு கேக்குமுங்க. ரிஜிஸ்டர்ல அவ கையெழுத்துக்கு அடியில எப்பவும் ரெண்டு கோடு இழுப்பா. "எதுக்கு அம்மிணி ரெண்டு?"ன்னா, "ஒண்ணு போட்டா பாதியில விட்ட மாதிரி இருக்குக்கா"ம்பா.

அவ படிப்பு என்னன்னா, அந்த இழை டிரான்சிஸ்டரை வெச்சு சர்க்யூட் வரையறது. கூட்டல் போடற சர்க்யூட். ரெண்டும் ஒண்ணும் மூணுன்னு சொல்லோணும், அவ்வளவுதான். அதுக்கு எட்டு மாசம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சா. நான் சிரிச்சேன். "ஏ அம்மிணி, இதை ஒண்ணாங்கிளாசுப் புள்ள வெரலை விட்டுச் சொல்லுமே." அவ என்னைய உக்கார வெச்சு, நோட்டுல படம் போட்டுக் காட்டுனா.

டிரான்சிஸ்டர்ங்கறது ஒரு மடை. தொறந்தா தண்ணி போகும், அடைச்சா நிக்கும். தண்ணி போற வாய்க்காதான் அந்த இழை. நூத்துக்கணக்குல இழைகளைப் பக்கம் பக்கமாப் பரப்பி, குறுக்க மடையை வெக்கறாங்க. நேரா ஓடற இழை மடைக்கு அடியில போகும். அது சொன்ன பேச்சைக் கேக்கும். ஆனா எல்லா இழையும் நேரா ஓடாதுங்க. ஒண்ணு ரெண்டு கோணலா ஓடி, மடையைச் சுத்திக்கிட்டு அக்கட்டாலப் போயிரும். அப்பறம் நீங்க மடையை அடைச்சா என்ன, அடைக்காட்டி என்ன? தண்ணி பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்.

"அப்ப நடுவுல தகடு வையி அம்மிணி"ன்னேன்.

அவ என்னைய முழிச்சுப் பாத்தா. மில்லுல நான் இருபத்திரெண்டு வருசம் சைடருங்க. அறுந்த இழையைப் பிணைக்கற வேலை. ஸ்பிண்டில்னு நூலு முறுக்கற கதிரு, அது சுத்தறப்போ நூலு வீசிக்கிட்டு பக்கத்து ஸ்பிண்டில் நூலோட சிக்கிக்கும். அது சிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கு நடுவுலயும் ஒரு தகடு நிக்கும். அதைத்தான் சொன்னேன்.

"அக்கா, நான் செய்யறதும் அதேதான். தகடுக்குப் பதிலா வெட்டு. நடுவுல வெட்டி விட்டுட்டா கோணல் இழை அங்கயே அறுந்துரும்"ன்னு குதிக்கறா. நானா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்? அவ ஏற்கெனவே வரைஞ்சு வெச்சதுதான். ஆனா அதுல இருந்து சிப்புன்னா எனக்கும் நம்ம வீட்டுச் சாமான் மாதிரி ஆகிப்போச்சுங்க.

மோரைக் குடிங்க. வெங்காயம் போட்டிருக்கறேன், ஆகுமில்லீங்களா?

மாசி மாசம் சிப்பு வந்துச்சு. ஒரு வட்டத் தட்டு, அதுல முப்பத்தாறு சிப்பு. "அக்கா வாங்க, நீங்களும் பாக்கோணும்"ன்னு என்னையப் பக்கத்து ரூமுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. பெரிய சாரும் நின்னாரு, என்னைய அவரு பாக்கவே இல்ல. நாலு பச்சை லைட்டு வரிசையா. ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு கணக்காம். ரெண்டும் ஒண்ணும் கூட்டுனா மொத ரெண்டு லைட்டு எரியோணுமாம். அதுதான் சிப்பு பாசையில மூணு. ஸ்விட்சைப் போட்டா, மூணு லைட்டு எரியுது! அம்மிணி மொகம் வெளுத்துருச்சு. "ஏழு"ன்னா. ரெண்டும் ஒண்ணும் ஏழுங்குது அந்தச் சிப்பு. அடுத்த சிப்பு. அதுவும் ஏழு. அடுத்தது. ஏழு. என்னத்தைக் கூட்டச் சொன்னாலும் அந்த மூணாவது லைட்டு அணையவே மாட்டேங்குது. முப்பத்தாறும் பாத்தாங்க. முப்பத்தாறும் அதேதான்.

பெரிய சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "தூசி. உள்ள தூசி போயிருக்குது"ன்னாரு. அப்பத்தான் என்னையத் திரும்பிப் பாத்தாரு.

அடுத்த நாளு நடந்ததை உங்ககிட்ட சொல்லக் கூடாது. நான் ஒருத்தர் சங்கதியை இன்னொருத்தர்கிட்ட சொல்ற ஆளில்லீங்க. மில்லுல கேட்டுப் பாருங்க. ஆனா என்னைய என்ன பண்றதுன்னு முடிவு பண்ற வர்ற திங்கக்கிழமை மீட்டிங்குல அவளே சொல்லப்போறா. மூணு நாளு முன்னால உங்க காதுல விழுந்தா ஒண்ணும் கொறைஞ்சு போயிராது. விழுந்ததை உங்களோட வெச்சுக்குங்க.

உடுப்பு ரூமுல அலமாரிக்குப் பின்னால நான் உடுப்பு மடிச்சிக்கிட்டு இருந்தேன். அம்மிணி வந்து போன்ல சிநேகிதிகிட்ட பேசறா. அழுகை. "மூணாவது லைட்டுக்குப் போற மூணாவது வரிசையில அந்த வெட்டு இல்லடி. படத்துலயே இல்ல. சாரு இன்னும் நெருக்கு, இடத்தைக் கொறைன்னாரு. கடைசி வாரத்துல அந்த ஒரு வரிசையை மாத்தி வரைஞ்சேன். வெட்டைத் திருப்பிப் போட மறந்துட்டேன். நான்தான்டி." இதுக்கு மேல என்னத்தைக் கேக்கோணும்?

அவ திரும்புனா, நான் நிக்கறேன்.

"அக்கா... கேட்டுட்டீங்களா?"

"என்ற காது ரெண்டும் மில்லுச் சத்தத்துலயே போச்சு அம்மிணி"ன்னேன்.

பொய்யிங்க. ஆயிரம் ஸ்பிண்டில் சுத்தற சத்தத்துல ஒத்தை இழை அறுந்தா எனக்குக் கேக்கும். அது அவளுக்கும் தெரியும், நானே பெருமையாச் சொல்லியிருக்கறேன். என்ற கையைப் பிடிச்சுக்கிட்டா. "நானே சொல்லிடறேன்க்கா. வெளிநாட்டு மாநாட்டுக்கு ஒரு கட்டுரை போயிருக்கு. அதுக்குப் பதில் வரட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்." ஆக விடமாட்டேன்னு ரெண்டு வாட்டி சொன்னா.

பங்குனியில விசாரணை. ஏசி ரூமு. அஞ்சு பேரு ஒரு பக்கம், நான் ஒருத்தி எதுக்க. அம்மிணி ஓரத்துல. பெரிய சாரு எடுத்த எடுப்புல, "இந்தம்மா பஞ்சு மில்லுல இருந்தவங்க. ஒடம்புல, துணியில பஞ்சு இருக்கத்தான் செய்யும்"ன்னாரு.

"மில்லை விட்டுப் பன்னெண்டு வருசமாச்சுங்க. அதுக்கப்பறம் தெனமும் தண்ணி வாத்துக்கறேன்"னேன். ஒருத்தரு சிரிச்சுட்டாரு. உடனே இருமற மாதிரி பண்ணிக்கிட்டாரு.

"பின்ன தூசி எங்கிருந்து வந்துச்சு?"ன்னாரு பெரிய சாரு.

அப்பத்தான் எனக்கு ஆங்காரம் வந்துச்சு தம்பி. ஒம்பது வருசமா அந்தக் கதவுல நின்னவ நானு. ஊருக்குப் பெரியவரு நெத்தியையே கழுவ வெச்சவ. எழுந்து நின்னுட்டேன்.

"ஐயா, எனக்குச் சிப்பு தெரியாது. நூலு தெரியும். தூசி எங்க வேணா விழும். ஒரு நூல்கண்டுல மேல விழும், ஒரு கண்டுல நடுவுல விழும், ஒரு கண்டுல விழாமயே போகும். முப்பத்தாறு கண்டை எடுத்துப் பாத்து, முப்பத்தாறுலயும் அதே எடத்துல அதே சொத்தை இருந்துச்சுன்னா, மேஸ்திரி சைடரைத் திட்ட மாட்டாரு. மிசினை நிறுத்துவாரு. உங்க முப்பத்தாறு சிப்புலயும் அதே மூணாவது லைட்டுதானே அணையலே? எந்த ஊருத் தூசிங்க அது, வரிசை எண்ணிப் பாத்து உக்காருது?"

இருமுன ஆளு பேனாவைக் கீழ வெச்சாரு. அம்மிணி தலையே தூக்கல. சொன்னதுக்கப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது. ஐயோ, அவளைக் காட்டிக் குடுத்துட்டமோன்னு. "மிசினா, படமா, எதைச் சொல்றீங்க?"ன்னு அந்த இருமுன ஆளு நல்லவிதமாத்தான் கேட்டாரு. "எனக்கென்னங்க தெரியும், அஞ்சாங்கிளாசு"ன்னுட்டேன்.

அங்க விட்டேன் தம்பி. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கு இந்த வெய்யல்ல வந்திருக்க வேண்டியதில்ல.

அப்பறம் ரெண்டு மாசமா வேலை இல்ல. அம்மிணி வந்து பாக்கலையான்னு கேக்கறீங்களா? படிப்பு வேலைங்க அவளுக்கு. போன் பண்ணேன், எடுக்கல, உள்ள போறப்போ போனை வெளிய வெச்சிரோணும், நான்தானே அந்தச் சட்டத்தைப் போட்டுக் காவல் காத்தவ. சித்திரையில ஒரு தாக்கல் சொல்லி அனுப்புனா, கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கன்னு. யாருகிட்டயா? வாட்ச்மேன் தங்கவேலு சொன்னாரு. அவகிட்ட இருந்துதான் வந்திருக்கும். வேற எப்படி அவருக்குத் தெரியும்?

ஏன் தம்பி குனிஞ்சுக்கிட்டீங்க?

ஏத்துக்கிட்டாங்க இல்ல, இனி அவளுக்கு என்ன தடை? திங்கக்கிழமை மீட்டிங்குல எந்திரிச்சுச் சொல்லிருவா. அதுக்குத்தான் பெரிய சாரு வெள்ளிக்கிழமையே உங்களை வெரட்டியிருக்கறாரு. கையெழுத்தை வாங்கிட்டா மீட்டிங்கே வேண்டாம் பாருங்க. கதையை முடிச்சுப் போடலாம். அதனாலதான் போட மாட்டேங்கறேன். ஆஸ்பத்திரி வேலை கேவலமின்னு இல்லீங்க. கூட்டறதுக்கு நான் வெக்கப்பட்டதே இல்ல. ஆனா 'தூசி கொண்டாந்தவ'ன்னு எழுதி என்ற பேரைக் கீழ போட்டா, அந்த ஒம்பது வருசமும் பொய்யாப் போயிருமே. அது மட்டுமா? தூசின்னு முடிச்சுட்டா அந்த மூணாவது வரிசையில வெட்டு வராதே! அடுத்த தட்டுலயும் ரெண்டும் ஒண்ணும் ஏழுன்னுதானே சொல்லும்? படிச்சவங்களுக்கு இது தோண வேண்டாமுங்களா?

இருங்க. அந்த பாபினைக் கொஞ்சம் எடுங்க.

எடுங்க தம்பி. அதுக்கடியில என்னமோ இருக்குது. வந்ததுல இருந்து நீங்க அங்கயே கையை வெச்சுக்கிட்டு இருக்கறீங்க. பெரிய சாரு கையெழுத்து இது. இது ஆபீசு சீலு. அதுக்குக் கீழ யாரு?

சாட்சியா? என்னத்துக்குச் சாட்சி? நான் பூ வெச்சுக்கிட்டு உள்ள போனதைப் பாத்ததா எழுதியிருக்குதா?

வெளிச்சத்துக்குக் கொண்டாங்க.

...

ஆமாங்க. அவ கையெழுத்துத்தான். நீங்க பேரைப் படிக்க வேண்டாம்.

இல்ல, தண்ணி வேண்டாம். நீங்க உக்காருங்க.

இங்க பாருங்க. நீங்க ரிஜிஸ்டரைப் பாத்ததில்ல, உங்களுக்குத் தெரியாது. அம்மிணி கையெழுத்துக்கு அடியில எப்பவும் ரெண்டு கோடு. ஒரு நாளு கூடத் தப்புனதில்ல. காய்ச்சலோட வந்தன்னைக்கும் ரெண்டு. இதுல எத்தனை இருக்குது? எண்ணுங்க. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. இது அவ மனசார போட்டதில்ல. கையைப் பிடிக்காத கொறையாப் போட வெச்சிருக்கறாங்க. பாதியில விட்டுட்டா. எனக்குத் தெரியட்டும்னு விட்டிருக்கறா. இது சாட்சி இல்ல தம்பி. எனக்கு வந்த தாக்கல்.

அப்படிப் பாக்காதீங்க என்னைய. எனக்கு அவளைத் தெரியும். எதையாவது ஒண்ணை விட்டுருவா, அவ்வளவுதான். படத்துல ஒரு வெட்டை விட்டா. இதுல ஒரு கோட்டை விட்டா. திங்கக்கிழமை சொல்லுவா.

சொல்லாட்டி? சொல்லாட்டியும் என்ற வாயில இருந்து அவ பேரு வராது. இந்தப் பேப்பர்ல என்ற கையெழுத்தும் வராது. ரெண்டும் வராது. போயி அப்படியே சொல்லுங்க உங்க மொதலாளிகிட்ட.

பேனாவைக் குடுங்க. பயப்படாதீங்க, கிழிக்க மாட்டேன். திருப்பிப் போடுங்க, பின்பக்கம் வெறுசாத்தானே இருக்குது? தமிழ்லதான் எழுதுவேன். எழுத்து கோணலா வந்தா என்னையச் சொல்லாதீங்க, கட்டிலு ஆடுது.

'நான் சுத்தமாத்தான் உள்ள போனேன். தெய்வாத்தாள்.'

இந்தாங்க, கொண்டுபோங்க. அடியில ரெண்டு கோடு போட்டிருக்கறேன், பாத்துக்குங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அம்மிணி விட்டது.